தாய்ப்பெட்டி

விடுமுறைக் காலத்தில் பல்கலைக்கழகத்துக் கணினிகள் யாரும் தொடாமலே கண் விழிக்கும். பூட்டிய கூடத்துக்குள் முதலில் ஒரு மூலையில் ஒரு திரை வெளிறும். பிறகு அதன் பக்கத்துத் திரை. அப்புறம் வரிசை வரிசையாக, யாரோ கையில் விளக்கோடு நடந்து போவதுபோல, வெளிச்சம் கூடத்தின் மறுகோடி வரை போய்ச் சேரும். நாற்காலிகள் மேசைக்கடியில் முழங்காலை மடக்கித் தூங்கிக்கொண்டிருக்கும். கணினிகள் மட்டும் கொஞ்ச நேரம் முனகி, தங்களுக்குச் சொன்ன வேலையைச் செய்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும்.

அவற்றை எழுப்புகிறவள் அந்தக் கூடத்தில் இருக்கமாட்டாள். விளையாட்டுத் திடலையும் மரங்கள் நின்ற நடைபாதையையும் தாண்டி, நூலகத்தின் கீழ்த்தளத்தில் எல்லாரும் ‘நடு அறை’ என்று சொல்லும் இடத்தில், டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டிருப்பாள்.

அவளை அங்கே தாய்க்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கேலிக்காக வைத்த பேர் இல்லை, வேலையால் வந்த பேர். அத்தனை கட்டிடங்களிலும் உள்ள மேசைக் கணினிகள் எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதற்காக ஒவ்வொரு விடுமுறையிலும் ஒரே ஒரு கணினிப் பெட்டியை எடுத்து வைத்துக்கொள்வாள். வேண்டியதை எல்லாம் அதில் ஏற்றுவாள். வேண்டாததைத் துடைப்பாள். எந்தப் படம் எங்கே இருக்க வேண்டும், எந்த எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்து, கடைசியில் அதை மூடுவாள். மூடினால் மூடியதுதான். பிறகு அதை அப்படியே நகலெடுத்து மற்ற எல்லாப் பெட்டிகளிலும் ஊற்றுவார்கள். ஊற்றுவது என்றுதான் அங்கே சொல்வது. அந்த முதல் பெட்டிக்குத் தாய் என்று பேர். அதைத் தயார் செய்கிறவள் தாய்க்காரி. அவளுக்குப் பிள்ளை இல்லை என்பது பேர் வைத்தவர்களுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியபோது பேர் ஒட்டிப்போயிருந்தது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாத மாதிரி இருந்துவிட்டாள்.

தாயில் ஒரு தப்பு இருந்தால் அது எல்லாக் குட்டிகளுக்கும் வரும். ஒரு வருஷம் சத்தத்தைக் குறைக்காமல் மூடிவிட்டாள். பல்கலைக்கழகம் திறந்த அன்று நூலகத்தில் இருந்த அத்தனை பெட்டிகளும் விழிக்கும்போதே ஊளையிட்டன. அதிலிருந்து மூடுவதற்கு முன்னால் ஒருமுறை முழுவதும் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். பிறகுதான் மூடுவாள்.

பிறகு ஒரே ஒரு வருஷம் மட்டும் பார்க்கவில்லை.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் அவள் புருஷனின் தங்கச்சி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அவளுடைய ஒரே பெண் இவர்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை. எங்கே போனாலும் சுவரோரமாகப் பக்கவாட்டில் நடக்கும். அதனால் நண்டு என்று மாமன்காரர் பேர் வைத்தார். அவர் கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவர். வீட்டுக்கு வரும்போது சட்டைப் பையில் இரும்புத் தூள் மினுங்கும். நண்டு அவரை வாய் நிறைய ‘மாமா’ என்றது. பக்கத்து வீட்டுக்காரியை ‘அக்கா’ என்றது. பால்காரரைக்கூட ‘தாத்தா’ என்றது.

தாய்க்காரியை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை.

பேசாமல் இருந்ததில்லை, பேசும். பசித்தால் பக்கத்தில் வந்து நிற்கும். நின்றால் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் சேலை முந்தானையை ஒரு விரலால் தட்டும். திரும்பிப் பார்த்த பிறகு “பசிக்குது” என்று சொல்லும். அவள் அடுப்படியில் இருந்தால் நண்டு வாசல் வழியாகக் கத்திக் கூப்பிடாது, நடந்து உள்ளே வரும். ஒருநாள் குளியலறைக் கதவில் விரல் நசுங்கிக்கொண்டது. அப்போதும் அழுதுகொண்டே வீடெல்லாம் தேடி வந்து முந்தானையைத் தட்டிவிட்டுத்தான் விரலைக் காட்டியது.

முன்பெல்லாம் அப்படி இல்லை. அம்மாவோடு விருந்து வந்த நாட்களில் ‘மாமி, மாமி’ என்று காலைச் சுற்றும். அந்த வார்த்தை எங்கே போயிற்று என்று தாய்க்காரிக்குத் தெரியும். அடக்கம் முடிந்த அன்று வீடு நிறைய ஆட்கள். அதில் யாரோ ஒரு கிழவர் பிள்ளையின் தலையில் கை வைத்து, இனிமேல் மாமிதான் உனக்கு அம்மா, அம்மா என்றே கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனதோடுதான் சொன்னார். அன்றைக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாயில் அவளுக்கு எந்த வார்த்தையும் வரவில்லை. தாய்க்காரியும் வற்புறுத்தவில்லை. ரொட்டியைத் துண்டு போட்டுத் தட்டில் வைப்பாள், தலை வாரிவிடுவாள், சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுப்பாள். கேட்டு வாங்குகிற பொருள் இல்லை அது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் பெரியத்தைக்கு அது போதவில்லை. நண்டுவின் அப்பாவுக்கு அக்கா அவள். அப்பா கப்பலில் வேலை பார்க்கிறவர். கடல் எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கேயிருந்து போன் செய்வார். பிள்ளை விஷயத்தை அக்காவிடம் விட்டுவிட்டார். பெரியத்தை வேறு ஊரில் தையல் கடை வைத்திருந்தாள். வீடு நிறைய பிள்ளைகள். கோடையின் தொடக்கத்தில் வந்து தங்கியவள் இரண்டு நாள் கவனித்துப் பார்த்துவிட்டு, கிளம்பும்போது தாய்க்காரியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. புள்ள உன்ன என்னன்னு கூப்பிடுது?”

தாய்க்காரி அவளுடைய பையை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

“நானும் காது குடுத்துட்டேதான் இருந்தேன். ஒண்ணும் விழல. நீ நல்லாத்தான் பாத்துக்கற, நான் குறை சொல்லல. ஆனா மாமி, அத்தைன்னு ஒரு முறை சொல்லிக் கூப்பிடாத புள்ள அந்த வீட்டுல இன்னும் ஒட்டலைன்னுதானே அர்த்தம்? எங்க வீட்டுல நாலு புள்ளைங்க கத்துற கத்துல இதுவும் தானா கத்தும். பள்ளிக்கூடம் திறக்கற அன்னிக்கு வரேன். அப்பவும் இப்படியே இருந்தா நான் கூட்டிட்டுப் போறேன். சரியா?”

சரி என்று தலையாட்டினாள் தாய்க்காரி. வேறு என்ன சொல்வது? கூப்பிடு என்று கேட்கவும் முடியாது, கூப்பிடவில்லை என்று மறைக்கவும் முடியாது.

விடுமுறையில் வீட்டில் ஆள் இல்லை என்று நண்டுவைத் தன்னோடு நடு அறைக்கே கூட்டிப் போனாள். அறைத் தலைவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, எதையும் தொடாது என்றால் இருக்கட்டும் என்றார். அது ஒரு நீளமான அறை. மேலே சின்ன ஜன்னல்கள். அவற்றின் வழியே புல்லும் நடந்து போகிறவர்களின் செருப்புகளும் மட்டும் தெரியும். குளிர்க்காற்று ஓயாமல் முனகும். அங்கே உட்கார்ந்தால் ஏதோ குளத்துக்கடியில் இருக்கிற மாதிரி இருக்கும். நண்டு ஒரு சுழல் நாற்காலியில் கால் தொங்க உட்கார்ந்து, செருப்புகள் போவதையும் தாய்ப்பெட்டியையும் மாறி மாறிப் பார்க்கும்.

கேபிள் இழுக்கிற நெட்டையனுக்கு நண்டு வந்ததில் ஏகப்பட்ட சந்தோஷம். சீனி மிட்டாய் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பான். நீ என் உயரம் வளர்ந்தால் ஏணி வாங்குகிற செலவு மிச்சம் என்பான். நண்டு சிரிக்கும். சிரித்துவிட்டுத் தாய்க்காரியைத் திரும்பிப் பார்க்கும்.

தாய்ப்பெட்டியில் வேலை நடக்கும்போது நண்டு கேள்வி கேட்கும். பக்கத்தில் வந்து, முந்தானையைத் தட்டி, பிறகு கேட்கும்.

“எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி இருந்தா, எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“ஊத்தி முடிச்சதும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வெப்போம். இந்தக் கட்டிடம், இந்தக் கூடம், இந்த மேசைன்னு. பேரைச் சொல்லி இங்கேர்ந்து கூப்பிட்டா அது மட்டும் முழிச்சுக்கும்.”

“பேரு வெக்கலைன்னா?”

“பேரு இல்லாத பெட்டிய இங்கேர்ந்து கூப்பிட முடியாது.”

நண்டு யோசித்தது. “இந்தத் தாய்க்கு என்ன பேரு?”

“தாய்க்குப் பேரு கிடையாது. குட்டிங்களுக்குத்தான்.”

“அப்ப இத எப்படிக் கூப்பிடுவீங்க?”

“கூப்பிட மாட்டோம். பக்கத்துல போய் நின்னு தட்டுவோம்.”

சொல்லும்போது தாய்க்காரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. நண்டு விசைப்பலகையில் ஒட்டியிருந்த தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தது. எழுத்து எங்கே எங்கே இருக்கிறது என்று அவள் காட்டிக் கொடுத்தாள். திரையில் தெரிகிற ஒரு சின்னப் படத்தின் அடியில் இருக்கிற பேரை எப்படி மாற்றுவது என்று கேட்டது. அதையும் காட்டினாள். நண்டு ‘ரொட்டி’ என்று எழுதியது. அவள் சிரித்துக்கொண்டே அதைப் பழையபடி மாற்றினாள்.

மூட வேண்டிய நாள் மத்தியானம் மழை பிடித்தது. மேல் ஜன்னல்களில் தண்ணீர் வழிந்து, புல்லும் செருப்புகளும் கரைந்து போயின. எல்லாம் முடிந்திருந்தது. இனி பார்ப்பதும் மூடுவதும்தான் பாக்கி. அப்போது பெரியத்தையின் போன் வந்தது. உள்ளே சரியாகக் கேட்கவில்லை. தாய்க்காரி வெளி நடைக்குப் போனாள். நெட்டையன் வேறு கட்டிடத்தில் இருந்தான். நண்டு மட்டும் சுழல் நாற்காலியில் இருந்தது.

பெரியத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்துவிட்டாளாம். வேண்டாமென்றால் விட்டுவிடலாம், ஆனாலும் சொல்லி வைத்திருக்கிறாளாம். பிள்ளைக்குச் சட்டை தைக்க அளவு கேட்டாள். தாய்க்காரி அளவு சொன்னாள். தோள், கை, உயரம். சொல்லச் சொல்ல அந்த உடம்பு தன் கைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. கடைசியில் பெரியத்தை மெதுவாக, இப்போதாவது கூப்பிடுகிறதா என்றாள். இல்லை அக்கா என்றாள் இவள். மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ இல்லையோ. போன் வைத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது நண்டு அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நாற்காலி மட்டும் தாய்ப்பெட்டிக்கு இன்னும் கிட்டே வந்திருந்தது. தாய்க்காரி அதைக் கவனிக்கவில்லை. மடியில் கையை வைத்து உட்காரவும் இல்லை. தூக்கத்தில் நடப்பவள்போல வந்து நின்று, மூடினாள்.

மறுநாளிலிருந்து ஊற்றினார்கள். ஊற்றுவதைப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனாலும் கேபிள் சரியாக இருக்கிறதா என்று கூடம் கூடமாகப் போய்ப் பார்ப்பது வழக்கம். நண்டுவும் கூடவே வந்தது. மழை விட்டிருந்தது. தரையில் ஜன்னல்களின் நிழல் ஈரமாகக் கிடந்தது. பூட்டைத் திறந்து அவர்கள் உள்ளே போகப் போக, ஒவ்வொரு கூடத்திலும் திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலமாக விழித்துக்கொண்டன. யாராவது தன் பேரைக் கொடுத்து உள்ளே நுழைந்தால்தான் படங்கள் தெரியும். வெளியிலிருந்து பார்த்தால் நீலம் மட்டும். நண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தது. பக்கவாட்டில் நடக்கவில்லை. நேராக, இரண்டு கையையும் லேசாக விரித்துக்கொண்டு, முழங்கால் அளவு தண்ணீரில் நடப்பது மாதிரி நடந்தது. ஏதோ தெரிந்தவர்களைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு திரையையும் பார்த்துச் சிரித்தது. தாய்க்காரி வாசலில் நின்று பார்த்தாள். இதை மனதில் மடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தாள்.

பல்கலைக்கழகமும் பள்ளிக்கூடமும் ஒரே நாளில் திறந்தன. காலையில் நண்டுவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் நடு அறைக்குள் நுழைந்தபோதே போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. நெட்டையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். வந்து பாருங்கள் என்று ஒரு திரையைக் காட்டினான்.

மேல் மூலையில் சின்னக் கணினிப் படம். அதன் அடியில் எப்போதும் ‘இந்தக் கணினி’ என்று இருக்கும். இப்போது அங்கே ‘மாம்மா’ என்று இருந்தது.

எல்லாக் கணினியிலும் இருந்தது. கணக்குப் பிரிவில், மருத்துவப் பிரிவில், வேந்தர் அலுவலகத்தின் வரவேற்பு மேசையில், நூலகத்தின் நாலு மாடியிலும். ஒரு பேராசிரியர் இது வைரஸா என்று கேட்டார். இன்னொருவர், மாமா என்று எழுத நினைத்திருந்தால் நடுவில் உள்ள மெய்யெழுத்து தேவையில்லை, பிழை என்று அறிவித்துவிட்டு வைத்தார். மாணவர்களுக்குக் கொண்டாட்டம். மத்தியானத்துக்குள் கணினி என்று யாரும் சொல்லவில்லை. மாமா தூங்கிட்டாரு, மாமாவ எழுப்பு, எங்க கூடத்து மாமா மெதுவா இருக்காரு, இப்படியே போயிற்று பேச்சு.

அறைத் தலைவர் கத்தவில்லை. அவர் கத்துகிறவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, சாயங்காலத்துக்குள் இதை எடுத்துவிட வேண்டும் என்றார். நடுவிலிருந்து ஒரு உத்தரவு போட்டால் எல்லாவற்றிலும் பேர் மாறிவிடும், அது பெரிய வேலை இல்லை என்று அவருக்கும் தெரியும். “நீங்க ஒருக்காலும் பாக்காம மூடமாட்டீங்களே” என்று மட்டும் கேட்டார். கேட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மேலே கேட்கவில்லை.

யார் எழுதியது என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வலித்தது அதனால் இல்லை. பேரில்லாத தாய்க்குப் பிள்ளை ஒரு பேர் வைத்திருக்கிறது. யோசித்து யோசித்து வைத்திருக்கிறது. அதிலும் தன் பேர் வரவில்லை.

சாவிக் கடைக்குப் போன் செய்து சொன்னாள். அந்தப் பக்கம் சாவி வெட்டுகிற இயந்திரம் சட்டென்று நின்றது.

“என் பேரா? பல்கலைக்கழகம் பூராவுமா? அடேயப்பா. பெரிய பெரிய படிப்பு படிச்சவனுக்கெல்லாம் கிடைக்காத மரியாதை” என்று சிரித்தார். இந்தப் பக்கம் சிரிப்பு வராததால் அவருடைய சிரிப்பு தானாகத் தேய்ந்தது. “உன்னையும் கூப்பிடும். கொஞ்சம் பொறு.”

“எங்க பொறுக்கறது? அக்கா இன்னிக்கு வராங்க.”

அவர் சீக்கிரம் கடை அடைக்கிறேன் என்றார்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நண்டு நேராக நடு அறைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியத்தையும் வந்து சேர்ந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, துணிப்பையோடு அங்கேயே வந்துவிட்டாள். பையிலிருந்து புதுச் சட்டையின் கை வெளியே தொங்கியது. அவள் நண்டுவைக் கட்டிக்கொண்டு உச்சியில் முத்தம் கொடுத்தாள். நண்டு ‘பெரியத்தை’ என்றது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று தாய்க்காரி நினைத்தாள். நெட்டையன் பெரியத்தைக்கு நாற்காலி போட்டு, அன்றைய கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னான்.

பெரியத்தை சிரிக்கவில்லை. தாய்க்காரியைப் பார்த்தாள். “மாமாவையா எழுதியிருக்கு?”

“ஆமாக்கா.”

“சரி, நீ வேலைய முடி தங்கச்சி. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

தாய்க்காரி உத்தரவை எழுதினாள். அத்தனை பெட்டிகளிலும் அந்தப் பேரை எடுத்துவிட்டுப் பழைய பேரைப் போடு. எழுதியது சரியா என்று இந்த முறை இரண்டு தடவை பார்த்தாள். விசையின்மேல் விரல் போயிற்று.

“என்ன பண்றாங்க?” என்று நண்டு நெட்டையனைக் கேட்டது.

“உன் மாமா பேர அழிக்கிறாங்க. ஒரு தட்டு தட்டினா எல்லாக் கட்டிடத்துலயும் போயிடும்.”

நண்டு அறையின் மறுகோடியில் இருந்தது. நடுவில் மேசைகள், பெட்டிகள், சுருட்டிக் கிடந்த கேபிள்கள். பக்கத்தில் வந்து நின்று தட்ட நேரமில்லை.

“மாம்மா.”

அறையில் குளிர்க்காற்று மட்டும் முனகியது. நெட்டையன் வாசலை எட்டிப் பார்த்து, மாமா இன்னும் வரலையே என்றான்.

“மாமா இல்ல” என்றது நண்டு. அதற்குக் கோபம் வந்துவிட்டது. உதட்டை இறுக்கி மூடி, நடுவில் இருக்கிற எழுத்தை அழுத்திக் காட்டியது. “மாம்-மா.” கண் தாய்க்காரியை விட்டு நகரவில்லை. “மாம்மா, அழிக்காதீங்க. பேர அழிச்சா அப்புறம் கூப்பிட முடியாதுன்னு நீங்கதான சொன்னீங்க.”

தாய்க்காரியின் விரல் விசைமேலேயே நின்றது. அந்த வார்த்தையை அவள் மனதுக்குள் மெதுவாகப் பிரித்துப் பார்த்தாள். முன்னால் ஒரு மாமி. பின்னால் ஒரு அம்மா. கிழவர் சொன்னதை முழுசாகக் கேட்கவும் இல்லை, முழுசாகத் தள்ளவும் இல்லை. இரண்டையும் ஒட்ட வைக்க ஒரு கோடை முழுவதும் அந்த நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. காலையிலிருந்து ஊரெல்லாம் அதைத் தப்பென்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து போகவில்லை. கையை மட்டும் நீட்டினாள். நண்டு கேபிள்களைத் தாண்டி வந்தது.

“பெட்டியோட பேர அழிச்சா பெட்டியத்தான் கூப்பிட முடியாது, கண்ணு” என்றாள். “நான் என்ன பெட்டியா?”

நண்டு அவளை மேலும் கீழும் பார்த்தது. “இல்ல.”

“அப்ப அழிக்கலாமா?”

நண்டு யோசித்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எம்பி நின்று திரையைப் பார்த்தது. பிறகு தாய்க்காரியின் விரல்மேல் தன் விரலை வைத்து, தானே அழுத்தியது.

எங்கேயோ மாடிகளில், கூடங்களில், வரவேற்பு மேசைகளில் அந்தப் பேர் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. இங்கே சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மேல் ஜன்னலில் செருப்புகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன.

பெரியத்தை மூக்கை உறிஞ்சினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரிடமோ வழக்குப் பேசுவதுபோல, “ஒரு முறை சொல்லிக் கூப்பிடணும்னேன். இது எந்த முறையிலயும் இல்லையே” என்றாள். பையிலிருந்து சட்டையை எடுத்து நண்டுவின் தோளில் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. “இருக்கட்டும். சட்டைய இங்கயே வெச்சுக்க. நாளைக்குக் காலையில எனக்கு எத்தனை மணிக்கு பஸ்ஸு தங்கச்சி?”

மூவருமாக வீட்டுக்கு நடந்தார்கள். கடையை அடைத்துவிட்டு ஓடிவந்த சாவிக்காரர் வழியிலேயே சேர்ந்துகொண்டார். நடந்ததைக் கேட்டதும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார். என் பேரில் ஒரு எழுத்தைக் கூட்டிக் கள்ளச்சாவி வெட்டி எடுத்துவிட்டீர்களே, ஊரெல்லாம் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது, நாளைக்குக் கடைக்கு எப்படிப் போவேன் என்றார். பெரியத்தை அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

மரங்களுக்குக் கீழே வெளிச்சம் பழுத்துக்கொண்டிருந்தது. நண்டு பின்தங்கி, சுவரோரமாக வந்துகொண்டிருந்தது.

“மாம்மா” என்றது.

தாய்க்காரி திரும்பினாள். பசி இல்லை, விரல் நசுங்கவில்லை, ஒன்றும் இல்லை. சும்மா கூப்பிட்டது. வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூப்பிட்டது. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி.

“மாம்மா.”

“ம்” என்றாள் அவள்.